நங்கையா கட்டிய பொட்டலங்கள்

ஜூலை 9, 1996. செவ்வாய்
காலையிலிருந்து சாரல். அவர் வேட்டி காயவே இல்லை. அப்படியே ஆஸ்பத்திரி.

டாக்டர் இவர் தொடைக் கட்டியை மறுபடி டேப் வைத்து அளந்தார். பெரிசாம். ஆழத்தில், தசைக்குள் இருக்கிறதாம். இரண்டும் நல்லதில்லை. மூன்றாவது, கட்டியிலிருந்து எடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வேகமாக வளரும் ரகமா, மெதுவா? எல்லாம் சேர்த்துத்தான் கணிப்பார்களாம்.

பிழைப்பாரா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். "இப்படி நூறு பேர் வந்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று சொல்லலாம் அம்மா, இவர் ஒருவருக்குச் சொல்ல முடியாது" என்று கன்னடத்தில் சொன்னார். எரிச்சல். நூறு பேர் எனக்கு எதற்கு?

கல்யாணமான புதிதில் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஸ்ரீரங்கப்பட்டணம் வரை மிதித்த கால். மேட்டில்கூட இறங்கவிடவில்லை. "கனமே இல்ல புள்ள" என்று புளுகு வேறு. என்ன சுகமான நாள் அது!

ஜூலை 11, வியாழன்
வேகமான ரகம். மூன்றும் மோசம். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் காலை எடுக்காமல் பார்க்கலாமாம்.

இவர் மாட்டேன் என்கிறார். "சாமிகிட்டப் பூக் கேட்டுப் பாக்கோணும். வெள்ள வந்தா ஆபரேஷன். செவப்பு வந்தா வேண்டாம்." தூக்குக்குண்டு பிடிக்காமல் ஒரு சுவர் எழுப்பாத கொத்தனார்! இதற்கு மட்டும் பூவாம்.

கொள்ளேகாலிலிருந்து நங்கையா வந்தாச்சு. அவருடைய அக்கா. வந்ததும் ஒரே அழுகை.

ஜூலை 12, வெள்ளி
தேவராஜ மார்க்கெட். மல்லி, செவ்வரளி, வாழையிலை. இதே வாசலில்தான் முதன்முதலாகப் பூ வாங்கித் தந்தார். ஒரு முழம் கேட்டேன், மூன்று முழம் வாங்கினார். தலை கொள்ளவில்லை.

வெள்ளைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று இலைப் பொட்டலம் இரண்டையும் நங்கையாதான் கட்டினார். கோயிலில் பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. இவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டில் நங்கையாவின் பையை உதறினேன். செவ்வரளி மொத்தமும் அடியில், அப்படியே.

"ஏனுங் நங்கையா, ரெண்டுலயும் மல்லியா?"

என் வாயைப் பொத்தினார். "செவப்பு வந்திருந்தா?"

"சாமிகிட்டயே வெளையாட்டுங்களா?"

"சாமி என்னையப் பாத்துக்கட்டும். எந் தம்பிய டாக்டரு பாக்கட்டும்."

ஜூலை 15, திங்கள்
நாளைக்கு ஆபரேஷன். வார்டில் ஒரே ஃபினாயில் வாடை. இட்லி இரண்டு தின்றார்.

திடீரென்று, "அக்கா ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சிருக்கும்" என்றார்.

"தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டீங்களா?"

"சாமியவே ஏமாத்தற அளவுக்கு நான் வேணும்னு இருக்குது அதுக்கு. அப்புறம் எப்படிப் புள்ள மாட்டேங்கறது?"

நங்கையாவிடம் சொல்லக் கூடாதாம்.