மாமியார் ராணியின் ஊர்

அன்பு மகன் தியோகுவுக்கு அம்மா ஆசிகளோடு எழுதுவது. கோவாவில் நீ காய்ச்சல் எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் தம்பி பாஸ்தியாவ் நோன்புக் காலம் தொடங்கியதிலிருந்து சிறையில் கிடக்கிறான். ராணியின் ஏரியில் விலாங்கு பிடிக்கப் போனான், காவல்காரன் வந்து படகை உடைத்தான், இவன் துடுப்பை எடுத்து அவன் வாயிலேயே போட்டுவிட்டான். அந்த ஆள் இன்னும் கஞ்சிதான் குடிக்கிறானாம். அங்கோலாவுக்கு நாடு கடத்த வேண்டும் என்று தீர்ப்பு. அங்கே போய்த் திரும்பி வந்தவன் ஒருவனை நம் தெருவில் காட்டு பார்ப்போம்.

நம் ஊர் ராணிக்குச் சீதனமாகப் போன ஊர், மன்னிப்பு என்றால் ராணியின் கையால்தான் வர வேண்டும், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எந்த ராணி என்று யார் யோசித்தார்கள்? பெரிய ராணி, மகன் சிறுவனாக இருந்தவரை அவனுக்காக நாட்டை ஆண்டார், அவன் ஆட்சியை வாங்கிக்கொண்டதும் லிஸ்பனில் கன்னிமடத்துக்குப் போய்விட்டார். பிறகு அவனுக்குக் கல்யாணம். பிரான்சிலிருந்து சின்ன ராணி வந்து இறங்கியதும் ஊரெல்லாம் மணி அடித்தார்கள், பந்தம் கொளுத்தினார்கள், நானும் கூட்டத்தோடு கூட்டமாக நம் ராணி வந்துவிட்டாள் என்று நம்பிவிட்டேன். பாலாடைக்கட்டியும் தேனும் கட்டிக்கொண்டு விண்ணப்பத்தோடு லிஸ்பனுக்கு ஓடினேன். பாவம், சின்னப் பெண், நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. அவளுடைய தோழி எடுத்துச் சொன்னதும் கண் கலங்கிவிட்டாள், அவனை விட்டுவிடச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவள் பாவாடை நுனியை முத்தமிட்டுவிட்டு வந்தேன். நம் ஊர் நீதிபதி அந்தத் தாளைப் பார்த்துச் சிரிக்கிறார். மாமியார் உயிரோடு இருக்கும்வரை இந்த ஊர் மாமியாருடையது, மருமகள் கையெழுத்தை வைத்து அடுப்புதான் பற்றவைக்கலாம் என்றார்.

மறுபடியும் லிஸ்பன். கன்னிமடத்து வாசலில் பெரிய ராணியின் தோழி பிரியோலாஞ்சா என்னை நிற்கவைத்துக் குத்திக்காட்டினாள். "மணி அடிச்சப்ப எங்க ராணியம்மா ஞாபகம் வரலையாக்கும்? புதுசு கைவிட்டதும் பழசு தேவைப்படுதோ?" நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நானும் ஒரு துடுப்பைத் தேடியிருப்பேன். கடைசியில் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய ராணியே வந்தார், திரைக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "ஊரு என்னுதுதான்மா. முத்திரை மகன்கிட்ட இருக்கு. நான் எழுதுறத அவன் பிரிச்சுக்கூடப் பாக்கிறதில்ல." இப்படிச் சொல்லிவிட்டு அவர் போகாமல் நின்றார், நானும் நின்றேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன, ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது? காட்டும்படி அங்கே யாருமே இல்லை. பிரியோலாஞ்சாவின் உறவுக்காரர் ஒருவர் கப்பல் துறையில் இருக்கிறார். பெரிய ராணி அவரிடம் சொல்லி, கைதிகள் பட்டியலில் அங்கோலாவை அடித்துவிட்டுக் கோவா என்று எழுத வைத்தார். நாட்டையே ஆண்டவரால் முடிந்தது அவ்வளவுதான். தண்டனை தண்டனைதான்.

அதனால் இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல், பாஸ்தியாவின் சட்டைக்குள் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். வந்ததும் அவனைத் திட்டாதே, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே திட்டியாயிற்று. விலங்கு போட்ட இடத்தில் புண் இருக்கும், எண்ணெய் தடவிவிடு. சூடாக ஏதாவது சாப்பிடக் கொடு. கோபம் வந்தால் அவன் கையில் எதுவும் அகப்படாமல் பார்த்துக்கொள். அப்பா உடைந்த படகைச் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிறார், யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடல் எப்படிப்பட்டது என்று போய்ப் பார்த்தவன் நீ. இந்தக் கடிதத்தைத் தம்பி தன் கையால் கொடுத்தால் அடுத்த கப்பலிலேயே பதில் எழுது. வேறு யாராவது கொண்டுவந்து கொடுத்தால் எனக்கு எழுதாதே. அவன் உன்னோடுதான் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மெசியா