பசரின் காதில் சொல்லாதது

அன்பு மகன் தெம்பெரெலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ஆடுகளும் இந்த இலையுதிர் காலத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கின்றன. கொரியாவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தொழிற்சாலையில் கைகால் பத்திரமா? போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே பதிலை வைத்திருக்கிறாய், அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன். பக்கத்துக் கூடாரத்து நயம்பூவின் மகள் அங்கே வேலைக்குக் கிளம்புகிறாள், அவள் பையில் இதை அப்பாவுக்குத் தெரியாமல் வைத்து அனுப்புகிறேன்.

நம் நாய் பசர் போய்விட்டான் அய்யா. போனில் சொல்லாதே, வேலையிடத்தில் பிள்ளை மனசு கெட்டுப்போகும் என்று அப்பா தடுத்துவிட்டார். பதின்மூன்று வயது, நாய்க்கு அது நிறைந்த வயதுதான். நீ கிளம்பும்போது நாலு வயது வாலிபன், உன் வண்டி பின்னாலேயே ஆறு வரை ஓடினானே. அப்புறம் ஒன்பது வருஷத்தில் நரைத்து, காது மந்தமாகி, கடைசியில் கூடாரத்து வாசலில் படுத்தபடியே போய்விட்டான். ஒரு நாயின் முக்கால் ஆயுசு நீ இல்லாமலேயே கழிந்திருக்கிறது. அப்பாதான் குன்றுக்குத் தூக்கிப்போனார். மனுஷப் பிறவிக்கு வால் எதற்கு என்று முறைப்படி அதை அறுத்துத் தலைக்கு அடியில் வைத்தார், வாயில் வெண்ணெய் வைத்தார், காதருகே குனிந்தார், ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்துவிட்டார். "அடுத்த பிறவில மனுஷனாப் பொறன்னு சொல்லலையா?" என்று கேட்டேன். "எதுக்குடி சொல்லணும்? நாயா இருந்தான், வாசலை விட்டு நகரலை. மனுஷனாப் பொறந்தா இவனும் பொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவான்" என்றார். செத்த உயிருக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் என்ன வீம்பு என்று எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவர் இறங்கிப் போனபின் நான் குனிந்து, மனுஷனாப் பொறடா, ஆனா பக்கத்துலயே பொற என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லலாமோ கூடாதோ தெரியவில்லை.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கணக்கு உனக்குத் தெரியும், ஆட்டுக்கு எட்டு வருஷம், குதிரைக்கு இருபத்தைந்து, அவரவருக்கு அளந்துவிட்ட காலத்துக்குள் பெற்று வளர்த்து முடித்துக்கொள்ளவேண்டும் என்பார். இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு ஆட்டின் வாயையும் திறந்து பல்லைப் பார்ப்பார், பல் தேய்ந்ததைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் அறுப்புக்கு ஒதுக்குவார், பனிக்குள்ளிருந்து புல்லைக் கடிக்க முடியாமல் பட்டினியில் சாவதைவிட அதுதான் இரக்கம் என்பார். அந்த மனுஷன் இந்த வருஷம் ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. கண் மங்கிவிட்டது, விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார், என் கண்ணெதிரே முன்பல் ஒன்றுகூட இல்லாத கிழட்டு ஆட்டைத் தடவிவிட்டு "இது இன்னும் ஒரு குளிர் தாங்கும்" என்கிறார். "உங்க வாயிலயும் கொஞ்சம் விரலை விட்டுப் பாருங்க" என்று கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் அடுத்த ஆட்டின் வாயைத் திறந்தார். எழுபத்தொன்று ஆகிறது, மேட்டில் ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், குதிரையில் ஏற நான் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இருநூற்று நாற்பது ஆடு நிற்கிறது, சேர்த்துவைத்த வைக்கோல் அதில் பாதிக்குக்கூடக் காணாது. போன குளிரில் அறுபது ஆடு நின்ற இடத்திலேயே விறைத்துப்போனதை உன்னிடம் இருபது என்று குறைத்துத்தான் சொன்னோம். பனி விழுமுன் முக்கால்வாசியை விற்றுவிட்டு நகரத்தில் உன் அக்கா பக்கத்தில் போய் இருக்கலாம், வியாபாரி இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனான். அப்பா அசையமாட்டேன் என்கிறார். "பையனோட மந்தை, வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?" என்கிறார். நீ ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அடுத்த வசந்தத்தில் வந்துவிடுகிறேன் என்கிறாய், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு குளிருக்குள்ளும் இறங்குகிறார். இந்தக் குளிரில் ஆடு மட்டும் சாகாது, எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அங்கே நீ ஒரு பெண்ணோடு சேர்ந்து இருக்கிறாய் என்று நயம்பூ வீட்டில் சொன்னார்கள், கேட்டு எனக்குச் சந்தோஷம்தான், நீயே சொல்லியிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அவளையும் உன்னையும் வானம் காக்கட்டும், உங்கள் பிள்ளைகள் தலை நரைத்து வாழட்டும். தினமும் காலையில் முதல் பாலை, உனக்காக வேண்டிக்கொண்டு, நீ இருக்கும் திசையில்தான் தெளிக்கிறேன். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

சனிக்கிழமை சாயங்காலம் சிக்னல் கிடைக்கிறதென்று அப்பா போனை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி உட்காருவார். அப்போது கூப்பிடு. வரமாட்டேன் அப்பா, மந்தையை வித்துடுங்க என்று உன் வாயால் சொல்லு. என் மகன் வராமல் இருக்கவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஆனாலும் நானே கேட்கிறேன், சொல்லிவிடு.

உன் அம்மா,
துல்மா