தந்த நிற ஸ்டியரிங்

பிப்ரவரி 5, திங்கள்

போன மாதமே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. மல்லேஸ்வரம் சுந்தரராமன் சாரின் பழைய ஃபியட் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் பொம்மனஹள்ளிக்கு, என் ஷெட்டுக்குத்தான் வரும் என்று. வந்துவிட்டது! அவர் அப்பா தங்கவயலில் ஒரு துரையிடமிருந்து வாங்கிய வண்டி. ஸ்டியரிங் முழுக்க வெடிப்பு. புதுசு மாட்ட முடியாது. பதினெட்டாம் தேதி பழைய கார் போட்டி. கம்பெனியிலிருந்து வந்த அதே ஸ்டியரிங், அதே நிறம் இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்களாம். "உன்ன நம்பித்தான் பேர் குடுத்திருக்கேன், உத்தமா" என்றார். இந்தியாவிலேயே இந்த வேலைக்கு மூன்று பேர்தான். மற்ற இருவரும் என்னிடம் கற்றவர்கள்.

பிப்ரவரி 9

வெடிப்புகளை அரத்தால் அகலமாக்கி, எபாக்ஸி அடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பின்பக்கம் விரல் பதியும் பள்ளங்கள் இருக்கின்றன. அவை மூடிப்போகாமல் தேய்ப்பதில்தான் வித்தை. ஹார்ன் பட்டன் மட்டும் அசையவில்லை. கிடக்கட்டும்.

ரத்தினம்மாள் எட்டிப் பார்த்தாள். "பச்சப் புள்ளைக்கு எண்ண தேய்க்கிற மாதிரி தேய்க்கிறீங்களே, எனக்கு ஒரு நாளாவது கால் புடிச்சு வுட்டிருக்கீங்களா?"

கலைஞனுக்கு வாய்த்த மனைவி. என்ன செய்வது?

பிப்ரவரி 13

பெயிண்ட் முடிந்தது. தந்த நிறம். முகம் பார்க்கலாம்!

பிப்ரவரி 14

சார் வந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கறுப்புன்னா இருந்தது?"

"அது பின்னாடி எவனோ பூசினது சார். கம்பெனி கலர் இதான். தங்கவயல்ல அந்தத் துரைக்கு இதே வண்டிய ஓட்டின டிரைவர் சின்னப்பன் சத்தியம் பண்ணிச் சொன்னார். தொண்ணூறு வயசு சார், இன்னும் கண்ணாடி போடல."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தினம்மாள் காபி டம்ளரோடு நின்று என்னையே பார்த்தாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஜெயித்தோம்! முதல் பரிசு!!

நடுவர் அன்னா மேடம் உள்ளே குனிந்து ஹார்ன் பட்டனை ஒரு திருகு திருகினார். கழன்று வந்தது — கூடவே என் உயிரும். அடியில் யாரும் தொடாத பழைய பெயிண்ட். தந்த நிறம்!

"ஷேடு கூட அப்படியே இருக்கே, எப்படிப் புடிச்சீங்க?"

"அனுபவம் மேடம்."

சார் மைக்கில் என் பெயரைச் சொன்னார், சின்னப்பன் பெயரையும் சொன்னார். அவருக்குத்தான் கைதட்டல் கொஞ்சம் அதிகம்.

பிப்ரவரி 20

சார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை அதே ஃபியட்டில் தங்கவயல் போகிறோமாம். சின்னப்பனுக்குச் சால்வை வாங்கியாகிவிட்டதாம். ஸ்டியரிங்கில் அவர் கையை வைத்து ஒரு போட்டோ எடுக்க வேண்டுமாம்.

ரத்தினம்மாளிடம் சொன்னேன். "அலமாரிக்கு அடிக்க வெச்சிருந்த பெயிண்ட் டப்பாவக் காணோம். அதையும் அந்த டிரைவரத்தான் கேக்கணுமா?" என்கிறாள்.

சரி, இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கறுப்பு டப்பாவைத் திறந்தால் கட்டி தட்டிக் கிடந்தது. கைக்கு எட்டியது அவளுடைய டப்பாதான். பள்ளம் மூடாமல் தேய்த்தது நிஜம், பரிசு நிஜம். சின்னப்பன் என்று ஒரு ஆள் கிடையவே கிடையாது.