வியாகுலத்தின் பாட்டில்

12-2-1973
போர்ட் பிளேர் கப்பலில் தபாலோடு ஒரு பெட்டியும் வந்தது. வைக்கோலுக்குள் இரண்டு பழுப்புப் பாட்டில்கள், பெயர் எழுத இரண்டு சீட்டுகள். கலங்கரை விளக்கக் காவலர்கள் உடம்பில் பாதரசம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைப் பிடித்து மெயின்லாண்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தீவில் காவலர் என்றால் நானும் வியாகுலமும்தான்.

"இதுக்குமா கப்பல் டிக்கெட்டு, அண்ணாச்சி?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13-2-1973
விளக்கு பாதரசத் தொட்டியில் மிதந்துதான் சுழல்கிறது. அவ்வப்போது பாதரசத்தை இறக்கி, துணியில் வடிகட்டி, திரும்ப ஊற்ற வேண்டும். தலைமைக் காவலர், அதாவது நான், செய்யவேண்டிய வேலை. நான்கு வருஷமாகச் செய்வது வியாகுலம். பதிவேட்டில் 'செய்தது: ஜெகநாதன்' என்று கையெழுத்துப் போடுவது நான்.

சோம்பல் என்று எழுத வந்தேன். சோம்பல் இல்லை, பயம். எனக்கு முன்னால் இருந்தவர் பல்லெல்லாம் ஆடி, கை நடுங்கித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். நான் பார்த்தேன். வியாகுலத்திடம் சொல்லவில்லை.

14-2-1973
நாள் முழுக்க ஆளுக்கொரு பாட்டில். அவன் அதையும் இடுக்கிக்கொண்டு கோபுரப் படி ஏறினான். சாயங்காலம் தன் பாட்டிலையும் சீட்டையும் என்னிடமே கொடுத்தான்.

"சீட்டுல பேரை நீங்களே எழுதிருங்க அண்ணாச்சி. என் கை ஒரு நிலையில நிக்க மாட்டேங்கு."

அவன் பாட்டிலில் பாதரசம் இருந்து, என்னுடையதில் இல்லாவிட்டால்? பதிவேட்டை எடுத்துப் பார்த்து, என் கையெழுத்து பொய் என்று கண்டுபிடிக்க மாட்டார்களா?

15-2-1973
சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டேன்.

16-2-1973
கப்பல் போய்விட்டது.

9-4-1973
முடிவு வந்தது. ஜெகநாதன்: பாதரசம் மிக அதிகம், உடனே போர்ட் பிளேருக்கு வந்து வைத்தியம் பார்க்கவும், ஆபீசில் லேசான வேலை. வியாகுலம்: குறை எதுவும் இல்லை, விளக்கின் பொறுப்பை ஏற்கவும்.

வியாகுலம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் மனைவி ரீத்தா கருவாடு கட்டித் தந்தாள். "ஒங்களுக்காக மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கேன்" என்றாள். வாங்கிக்கொண்டேன். என்ன மனுஷன் நான்!

20-6-1973
போர்ட் பிளேரில், ஜங்லிகாட் வீட்டில் இருக்கிறேன். மறுபடி சோதனை. இந்த முறை பாட்டிலில் இருந்தது என்னுடையதுதான். பெங்காலி டாக்டர் என் முதுகில் தட்டினார். "பில்குல் சாஃப்! முழுக்கச் சுத்தம்! இரண்டே மாதத்தில்!"

என் மனைவி நீலாவதி கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பிரசாதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

11-8-1973
வியாகுலமும் ரீத்தாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் சட்டைப் பித்தானை அவள்தான் போட்டு விட்டிருக்கிறாள். டீ பாதி தரையில். அவன் பேச்சே குழறுகிறது.

"டாக்டரு பார்க்கவே மாட்டேங்காரு அண்ணாச்சி. பாதரசம் இல்லன்னு காயிதத்துல இருக்காம், குடியை விடுன்னு திட்டுதாரு. ஒங்களுக்கு என்ன மருந்து குடுத்தாங்க? அதையே எனக்கும் கேளுங்களேன்."

குடியாம். சாராயம் அவன் வாயில் பட்டதே இல்லை. ஐயோ, நான் என்னடா பண்ணிட்டேன் – நாலு மாசம் அவனத் தனியா அந்தக் கோபுரத்துல விட்டுட்டு வந்து, இங்க நான் நோயாளி வேஷம் போட்டுக்கிட்டு...

12-8-1973
சொல்லிவிட்டேன். முதலில் டாக்டரிடம், எழுத்தில். வேலை போகும், போகட்டும். பிறகு வியாகுலத்திடம். ரீத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். திட்டியிருக்கலாம்.

14-8-1973
வியாகுலத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். புதிதாகச் சோதனை. நான் போனபோது பாட்டிலும் சீட்டும் கட்டிலில் இருந்தன. பேனாவை எடுத்து, பேரை எழுதித் தரட்டுமா என்று கை நீட்டினேன்.

"வேண்டாம் சார்."

'அண்ணாச்சி' இல்லை, 'சார்'.

பேனாவை அவனே வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுதினான். ஐந்து எழுத்துக்கு எவ்வளவோ நேரம். ரீத்தாவும் உதவ வரவில்லை. எழுதி முடித்து, சீட்டைப் பாட்டிலில் அவனே ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தான்.