மதியத்தில் அணையும் அடுப்பு

அன்புத் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இதற்கு முன்பே என் கையெழுத்தில் உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். எல்லோரும் உன் நினைவாகவே இருக்கிறோம், பழசை மறந்து புறப்பட்டு வா என்று அதில் இருக்கும். அது மாமா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. "மூத்த மருமக நீ எழுதினாதான் சின்னவ நம்புவா" என்றார். எங்கே நம்பிவிடுவாயோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால், அத்தை வெங்காயம் உரிப்பதை அப்படியே போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். பாத்திரம் கழுவ வரும் அம்மாதான் இதைத் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கையில் பட்ட சூடு ஆறிவிட்டதா? விடுதிச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அங்கே ஜன்னல் இருக்கிறதா?

நீ போன அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மதியக் கூட்டத்தின் நடுவில், ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிடுகிறவர்களின் மேசைகளுக்கு இடையே நீ நடந்து வெளியே போனதை மாமா கல்லாவில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். அடுப்பில் எரிக்கும் மரத்தூள் பெல்லட் மூட்டை எடுக்கப் போகிறாய் என்று நினைத்தாராம். "ஒரு மூட்டை எடுத்துட்டு வர இவ்வளவு நேரமா?" என்று சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்பெட்டியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன். பிறகு அங்கேயே கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் முதல் கிரில் அடுப்பு எரியவில்லை. நீ இருந்தவரை அது தானாக எரிகிறது என்றுதான் வீட்டில் அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். நானும்தான். பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, எண் ஒளிர்கிறது, புகை மட்டும் வரவில்லை. உன் வீட்டுக்காரர் வந்து, "எல்லாம் இதோ, ஒரு நிமிஷம்" என்று நெருப்புக் கிண்ணம் நிறைய பெல்லட்டை அள்ளிப் போட்டுத் திரும்பத் திரும்ப அழுத்தினார். புகை எப்போது வந்தது, எப்போது பற்றியது என்று தெரியவில்லை. 'புஸ்' என்று மூடி தூக்கிக்கொண்டு திறந்தது. கிண்ணம் நிறைய இருந்தது மொத்தமாகப் பற்றிக்கொண்டதாம். கவலைப்படாதே, அவருக்கு ஒன்றும் இல்லை. புருவம் மட்டும் போய்விட்டது. கோபப்படும்போதுகூட இப்போது ஆச்சரியப்படுவது போலவே இருக்கிறார்.

அதன் பிறகு யாரும் கிட்டே போகவில்லை. "பெரியவ பார்த்துக்கட்டும்" என்று மாமா சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். அவர் எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது.

அப்படித்தான் நான் உன் இடத்துக்கு வந்தேன். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அந்த முற்றத்தை நான் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன், நின்றதில்லை. நாலு பக்கமும் சுவர். பின்வாசல் கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் மாமாவின் கல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் ஒரு போர்வை அளவு வானம். இதில் இத்தனை வருஷம் எப்படி நின்றாய் என்று உன்னை ஒரு நாளும் கேட்கவில்லையே என்று நினைத்தேன். இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பித் தட்டு, எண்ணெய்த் தட்டு எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தேன். அடியில் இருந்த கிண்ணத்தில் விளிம்பு வரை சாம்பல். சூடேறிப் பற்றவைக்க வேண்டிய கம்பி அதற்குள் புதைந்து கிடந்தது. சுரண்டி எடுத்துத் துடைத்தேன். அப்படியும் எரியவில்லை. பெல்லட் கொட்டும் தொட்டியைப் பார்த்தால், உன் வீட்டுக்காரர் மூட்டையைக் குழாயடியில் வைத்திருந்திருக்கிறார். ஈரம் பட்ட பெல்லட் ஊறி, உப்பி, உள்ளே தள்ளுகிற திருகில் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. திருப்புளியால் குத்திக் குத்தி எடுத்தேன். இரண்டு நகம் போனது. காய்ந்த மூட்டையைக் கொட்டினேன். திருகு சுற்றியது, பெல்லட் விழுந்தது, பற்றவில்லை. கம்பி சிவக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தேன். கறுப்பாகவே இருந்தது. கம்பி செத்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். "யாருங்க பேசறது, சின்னம்மாவா?" என்றார். உன்னைத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. புதுக் கம்பி அனுப்பினார், நானே மாட்டினேன். எரிந்தது.

அத்தோடு விட்டதா? காலையில் ஒழுங்காக எரிகிற அடுப்பு, மதியம் கூட்டம் வருகிற நேரத்துக்கு அணைந்துவிடும். கோழி பாதி வெந்து நிற்கும். மாமா முன்னாலிருந்து கத்துவார். அணைந்த அடுப்பை அப்படியே திரும்பப் பற்றவைக்கவும் பயம், புருவத்தை நினைத்தால். ஆறவிட்டு, கிண்ணத்தை வாரிக் கொட்டி, முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். தொட்டியில் பெல்லட் மேலே மட்டும் நின்று அடியில் பள்ளமாகிறதா என்று கிளறிப் பார்த்தேன். சூட்டை அளக்கிற சென்சார் கம்பியில் ஒட்டியிருந்த பிசுக்கைத் தேய்த்து எடுத்தேன். ஃபேனில் சிக்கியிருந்த தூசியை எடுத்தேன். அப்படியும் மதியமானால் அணைந்தது.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வலி வந்துவிட்டது என்று மருமகன் பேசினார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நான் கிளம்ப வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன். "அடுப்பை யார் பாப்பா? சின்னவ வந்துடட்டும், நீ தாராளமா போ, மூணு மாசம்கூட இருந்துட்டு வா" என்றார். மாமாவும் சரி என்றார். உன் வீட்டுக்காரர் உன் விலாசத்தை எங்கோ பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூவரும் வேனில் வந்து உன்னைக் கையோடு கூட்டிவருவது என்று முடிவானது. அதற்கு முன்னால் உன் மனசு இளகட்டும் என்றுதான் அந்தக் கடிதம்.

ஒரு துணி மூட்டையில் குழந்தைக்கு இரண்டு சட்டை, மகளுக்கு ஒரு போர்வை எல்லாம் கட்டி வைத்தேன். உன்னை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் கட்டினேன்.

சனிக்கிழமை மதியம் மாமா கை கழுவ முற்றத்துக்கு வந்தார். நான் பெல்லட் மூட்டை எடுக்க மறைவில் குனிந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே அடுப்பிடம் போய், குமிழைத் திருகிச் சூட்டைக் கடைசிக்குக் குறைத்துவிட்டுப் போனார். "சும்மா எரியுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். தினமும் செய்திருக்கிறார். குறைத்தால் திருகு எப்போதோ ஒரு தரம்தான் பெல்லட்டை உள்ளே தள்ளும். கூட்ட நேரத்தில் மூடியை வேறு திறந்து திறந்து மூடுகிறோம், சமையலறை ஃபேன் காற்றும் நேரே அதன்மேல் அடிக்கிறது. தீனி போதாமல் தீ செத்துவிடுகிறது. நீ இருந்தபோது அவர் போனதும் திரும்பக் கூட்டி வைத்திருப்பாய், இல்லையா? யாரிடமும் சொல்லாமல்.

சூட்டைத் திரும்பக் கூட்டிவிட்டு அந்தக் குமிழைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், என்னைத் தப்பாக நினைக்காதே. குமிழைத் திரும்ப மாட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அடுப்பு மதியமானால் அணைந்துகொண்டே இருந்திருக்கும், மறுநாள் வேன் உன்னிடம் வந்திருக்கும், நான் பேத்தியிடம் போயிருப்பேன். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமாவையும் உன் வீட்டுக்காரரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். அவர்கள் கண் முன்னால் பற்றவைத்தேன். மதியம் முழுக்க, கடைசி மேசை எழுந்து போகும்வரை, அது அணையவே இல்லை. மாமா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "பெரியவளுக்கே கை வந்துடுச்சே. இனி எதுக்கு எவளையும் தேடிப் போகணும்?" என்றார். உன் வீட்டுக்காரர் வேன் சாவியை ஆணியில் மாட்டினார். குமிழ் எங்கே என்று மாமா கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன்.

அன்று சாயங்காலம் துணி மூட்டையைக் காட்டி அத்தையிடம் கேட்டேன். "இப்ப நீ போனா அடுப்பு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் "எப்பம்மா வர்றே?" என்கிறாள். வருகிறேன், வருகிறேன் என்கிறேன்.

அதனால் நீ அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இங்கே உன்னை யாரும் தேடவில்லை. நீ இருக்கும் இடத்தில் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

மகள் வீடு உன் ஊரிலிருந்து ஒரே பஸ் என்று மருமகன் சொன்னார். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன். லீவு கிடைக்கிற ஒரு நாள் போய்வா. சட்டையும் போர்வையும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திரு. யார் ஜாடை, எவ்வளவு முடி, அழுதால் எப்படி அழுகிறது என்று ஒன்றுவிடாமல் எனக்கு எழுது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று மகள் கேட்டால், நன்றாக இருக்கிறாள், அடுப்பு நன்றாக எரிகிறது என்று சொல்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று வேண்டும்,
உன் அக்கா