நான் பார்த்ததாக எழுதியது

ஜூலை 8, செவ்வாய்

காற்று. காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. பள்ளிக்குப் பத்து நிமிடம் தாமதம். ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வாங்க வேண்டியவை: வாலிபால் நெட், விசில் இரண்டு, கோடு போடச் சுண்ணாம்பு.

மாலை நெட் வாங்க பாலக்கரை, ஹக்கீம் பாய் கடை. விளையாட்டுச் சாமான் கடைதான், ஆனால் அங்கே பந்தைவிடப் பேச்சுதான் அதிகம். அன்வர் விளையாடும் ஃபுட்பால் டீமின் ரசிகர்கள் கூடும் இடம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

படியேறும்போதே சேவியர் குரல். ரயில்வே வேலை, மாவட்ட லீக்கில் ஒரு மேட்ச் விடமாட்டார்.

“ரெண்டு வருஷம் தடைன்னா அவன் காலு துருப்புடிச்சுப் போயிடும் பாய். அப்பீலெல்லாம் சும்மா. தடை போட்டவங்களேதானே அப்பீலையும் கேக்கப் போறாங்க? நேரா மதுரை கோர்ட்டுக்குப் போயிடணும்.”

“அப்பீல் பண்ணாம போனா, மொதல்ல அங்க போயிட்டு வான்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வக்கீல் சொல்லிட்டாரு” என்றார் ஹக்கீம் பாய்.

“அந்தப் பையனுக்குத் தாடை ஒடஞ்சது ஒடஞ்சதுதானே?” மூலையில் ஒருவர்.

“பந்துக்கு ஏறும்போது பட்டிருக்கலாம்ல? அடிச்சத யாரு பாத்தா?” என்றார் சேவியர்.

“லைன்ல நின்ன டீச்சர் பாத்தாங்களே.”

அதற்குள் என்னைக் கவனித்துவிட்டார்கள். கப்சிப். ஹக்கீம் பாய் மட்டும், “வாங்க டீச்சர், என்ன வேணும்?”

நெட்டைப் பிரித்து அளந்து காட்டினார். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 9, புதன்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். இங்கேயாவது.

ஜூன் மாத மேட்ச். இரண்டாம் பாதி. நான் லைன் ரெஃப்ரி. ஆண்கள் லீக்கில் பெண் கொடி பிடிப்பது இங்கே இதுதான் முதல் சீசன். அதற்காகவே நாலு பேர் என்னைப் போட்டோ எடுத்தார்கள்.

வலது பக்கத்திலிருந்து உயரமாக ஒரு பந்து. என் கண் ஆஃப்சைட் கோட்டில், டிஃபெண்டர் ஒருவரின் காலில். அதுதான் என் வேலை.

சத்தம். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி.

திரும்பினேன். எதிர் டீம் முத்துக்குமார் தரையில். வாயெல்லாம் ரத்தம். அன்வர் அவன் பக்கத்தில் நிற்கிறான், வலது முழங்கை மடங்கியபடி.

மெயின் ரெஃப்ரி ஓடி வந்தார். அவருக்கும் மறைத்துவிட்டது. “பாத்தீங்கல்ல மேடம்?”

தலையை ஆட்டினேன்.

அன்று மாலை கொடுத்த அறிக்கை: “அன்வர் வேண்டுமென்றே முழங்கையால் தாக்கியதை நான் தெளிவாகப் பார்த்தேன்.” என் கையெழுத்து. “தெளிவாக” என்பதை யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது. பார்க்கவில்லை என்றால், பொம்பளையைக் கொடி பிடிக்க விட்டால் இப்படித்தான் என்பார்கள். அந்த பயம்.

இதைவிட மோசம் ஒன்று. இப்போது எனக்குத் தெரிகிறது. முழங்கை மெதுவாக ஏறுகிறது, தாடையில் இறங்குகிறது. பாத்திரம் தேய்க்கும்போது, பிரேயரில் நிற்கும்போது. ஒவ்வொரு முறையும் நேர் எதிரில் இருந்து பார்க்கிறேன். நான் நின்றதோ பக்கவாட்டில், முப்பது அடி தள்ளி.

ஜூலை 10, வியாழன்

மாவட்ட ஃபுட்பால் சங்கத்திலிருந்து கடிதம். ஞாயிறு காலை அப்பீல் விசாரணை. நானும் வர வேண்டும்.

ரகுவிடம் காபி குடிக்கும்போது காட்டினேன். கல்யாணமாகி ஒன்பது வருடம். என் மேட்ச் எதற்கும் வந்ததில்லை, ஆனால் ஷூவை மட்டும் துடைத்து வைப்பார்.

“எழுதினதையே சொல்லிட்டு வந்துடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“நான் பாக்கல ரகு.”

“என்ன பாக்கல?”

சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டு. டம்ளரைக் கீழே வைத்தார்.

“வேற யார்ட்டயாவது சொல்லிருக்கியா?”

அவ்வளவுதான் கேட்டார். பிறகு, “இப்ப போய் மாத்திச் சொன்னா உன்னத்தான் பொய்க்காரின்னுவா. அவன் அடிச்சிருந்தா?” என்றார்.

அடிச்சிருந்தா.

ஜூலை 11, வெள்ளி

தாயார் சன்னதி. நல்ல கூட்டம். பின்னால் இருந்த ஒரு மாமியின் முழங்கை விலாவில் பட்டது. உடம்பே தூக்கிப் போட்டது. சேவிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

சின்னக்கடை வீதியில் அன்வர். அவன் அம்மா தைக்கும் பிளவுஸ் மூட்டையை டி.வி.எஸ்.ஸில் வைத்துக் கொண்டுபோகிறான். இருபத்து மூன்று வயது. திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலை டீமுக்கு அவனை எடுப்பதாக இருந்தார்கள், அதோடு வேலையும். தடை வந்ததும் வேலைக் கடிதம் நின்றுவிட்டது என்று ஊரே சொல்கிறது.

வண்டியை நிறுத்தினான். “வணக்கம் டீச்சர்.”

முகத்தில் கோபம் இல்லை. எதையோ கேட்க வந்தவன் போல் இருந்தான். பின்னால் ஆட்டோ ஹாரன். போய்விட்டான்.

தலைவலி. மாத்திரை ஒன்று.

ஜூலை 13, ஞாயிறு

விசாரணை. மூன்று பேர், ஒரு நீள மேஜை, சுற்றும்போது கடகடக்கும் ஃபேன். என் அறிக்கையை வாசித்துவிட்டு நடுவில் இருந்தவர், “இதானே மேடம்?” என்றார். ஆமாம் என்றால் வீட்டுக்குப் போகலாம்.

“இல்லைங்க. நான் அடிச்சதப் பாக்கல. சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்.”

“அப்ப பொய் எழுதுனீங்களா?”

“ஆமாங்க.”

சொன்னபின் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் வெளியே நிறுத்தினார்கள். முடிவு: அப்பீல் தள்ளுபடி. மேட்ச் நடந்த அன்றே எழுதியதுதான் செல்லும். இப்போது சொல்வதை யாரோ சொல்லச் சொல்லியிருக்கலாம். ரெஃப்ரி பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

வாசலில் ரசிகர்கள் இருபது பேராவது இருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: “அதான் அப்பவே சொன்னேன், பொம்பளைங்கள விட்டா இப்படித்தான்.” எந்த வாக்கியத்துக்கு பயந்தேனோ அதே வாக்கியம். கேட்டேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

சேவியர் நேராக வந்தார். கண் சிவந்திருந்தது. “ஒரு மாசமா அந்தப் பையன் கிரவுண்டு பக்கமே வரலீங்க டீச்சர். இப்ப வந்து சொல்றீங்க.” பிறகு அவரே, “கோர்ட்ல இதச் சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

ஹக்கீம் பாய் அங்கேயே வக்கீலுக்கு போன் போட்டார். டீச்சர் அஃபிடவிட் கொடுத்தால் தடைக்கு ஸ்டே வாங்கிவிடலாம் என்றாராம். ஒருவர் விசிலடித்தார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் அஃபிடவிட்டில் கையெழுத்து. இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை படித்தேன்.

மதிய இடைவேளையில் பள்ளி கேட்டில் அன்வர். வாட்ச்மேன் வந்து சொன்னார். வேப்ப மரத்தடியில் நின்று பேசினோம்.

“நீங்க பாக்கலன்னு சொன்னீங்களாமே டீச்சர்.”

“ஆமா அன்வர். என்ன மன்னிச்சுக்கப்பா.”

“நெஜமாவே பாக்கலயா?”

“இல்ல.”

தரையையே பார்த்தான். “அப்ப யாருமே பாக்கல.”

“நீ அடிக்கலன்னு கோர்ட்ல…”

“எனக்குத் தெரியாது டீச்சர்.”

புரியவில்லை. அவனே சொன்னான். “அவன் எங்கம்மாவ இழுத்துத் திட்டுனான். அடுத்த பந்துல இவன ஒரு வழி பண்ணணும்னு நெனச்சேன். அல்லா மேல சத்தியமா நெனச்சேன். பந்து வந்துச்சு. ஏறுனேன். கை பட்டுச்சு. நெனச்சதால பட்டுச்சா, தானா பட்டுச்சா, எவ்வளவு யோசிச்சாலும் தெரியல. நீங்க பாத்தேன்னு எழுதியிருந்தீங்க. அப்ப அடிச்சிருக்கேன் போலன்னு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல.”

பெல் அடித்துவிட்டது. எட்டாம் வகுப்புக்கு பி.டி. பீரியட். போகவில்லை.

என்னைப் போலவே இவனும் ஒரு மாதமாக அந்த ஒரு நொடியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பக்கத்திலிருந்து.

ஜூலை 18, வெள்ளி

ஹக்கீம் பாய் கடை. இந்த முறை ஒன்றும் வாங்க இல்லை, அவரே கூப்பிட்டிருந்தார். வக்காலத்து தயார், அன்வர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறானாம்.

“ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா டீச்சர்?”

சொல்லவில்லை. வேப்ப மரத்தடியில் அவன் சொன்னது அவனுடையது.

சேவியர் கத்தினார். “கேஸு அவனுது மட்டும் இல்ல பாய்! நாளைக்கு வேற ஒருத்தனுக்கும் இதேதான பண்ணுவாங்க?”

“அதுக்காக அவன் கையப் புடிச்சா கையெழுத்துப் போட வைக்கிறது? விடுப்பா.”

“மதுரை வரைக்கும் வேன் பேசியாச்சு!”

எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அன்வரிடமிருந்து மெசேஜ்: “ஞாயிறு முத்துக்குமார் வீட்டுக்குப் போறேன். நீங்களும் வரீங்களா டீச்சர்?”

ரகு படித்துவிட்டு போனைத் திருப்பித் தந்தார். “வெயிலா இருக்கும். குடை எடுத்துக்கோ.”

ஜூலை 20, ஞாயிறு

மதுரை பஸ்ஸில் துவரங்குறிச்சி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மருங்காபுரிப் பக்கம். வெயில். காய்ந்த கொல்லைகள். அன்வர் பையில் சாத்துக்குடி.

ஓட்டு வீடு. முத்துக்குமார் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதியாகிவிட்டான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் பேச முடியாது. கஞ்சித் தண்ணிதான், ஸ்ட்ராவில். அவன் அம்மா அன்வரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

அன்வர் நின்றுகொண்டே இருந்தான். முத்துக்குமார் கட்டிலைத் தட்டிக் காட்டினான். பிறகுதான் உட்கார்ந்தான்.

“நான் அடிச்சேன்னு எழுதிக் குடுத்துடறேன். கேஸ் வேணாம்.”

முத்துக்குமார் போனை எடுத்தான். டைப் பண்ணித் திருப்பிக் காட்டினான். “அடிச்சியா?”

“தெரியலடா. நீ பாத்தியா?”

இல்லையென்று தலையசைத்தான். போனில்: “பந்தத்தான் பாத்தேன்.”

வெளியே ஆடு கத்தியது. அவன் மறுபடி டைப் பண்ணினான். வெகு நேரம் எடுத்தது, அழித்து அழித்து எழுதினான். கடைசியில் திரையில் மூன்றே சொற்கள்.

“அப்ப தெரியலன்னு எழுது.”

அவன் அம்மா மோர் கொண்டுவந்தார். மூன்று டம்ளர். ஒன்றில் ஸ்ட்ரா.

திரும்பும்போது பஸ்ஸில் அன்வர் என்னிடம் பேப்பர் கேட்டான். கிழித்துக் கொடுத்தேன். விராலிமலை தாண்டியபோது ஹக்கீம் பாயிடமிருந்து போன்.

“வக்காலத்துல கையெழுத்துப் போடல மாமா. சங்கத்துக்கு ஒரு லெட்டர் எழுதிட்டிருக்கேன். இல்ல, யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான். தடை இருந்தா இருக்கட்டும்.”

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. முடியும்வரை கேட்டுவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதினான்.