நான் எடுத்துக் கொடுத்த பாட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த விஸ்கி பாட்டிலை யார் விற்றது என்று ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது, கட்டிலில் கிடந்த மாமா ஏதோ தெரியாத கடை என்றார். அது பொய். நான்தான் விற்றேன்.

போன செவ்வாய் மதியம் எங்கள் கடைக்கு வந்தார். குடியை விட்டு எட்டு மாதமான மனிதர்.

"மேனேஜருக்குப் பரிசு, மாப்ள. விஸ்கியில புகை வாசம் தூக்கலா இருக்கணும், விலை கையைக் கடிக்கக் கூடாது."

"ஸ்காட்ச்ல பேருக்கே பாதி விலை போயிடும், மாமா. இந்த ஐரிஷ் விஸ்கிக்கும் பீட்ங்கிற சதுப்பு நில மண்ணை எரிச்சு, அந்தப் புகைலதான் பார்லியைக் காய வைக்கிறாங்க. விலை கம்மி, சரக்கு அருமை."

ருசி பார்க்க வைத்திருந்ததில் கொஞ்சம் ஊற்றி நீட்டினேன். கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். பரிசு வாங்க வந்தவர் அப்படி முகர மாட்டார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, அக்கா.

"உனக்கு நல்ல கைராசி, மாப்ள" என்றார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தில் பில் போட்டேன்.

நேற்று நீ மருந்து வாங்கப் போனதும், உன்னிடம் உண்மையைச் சொல்லப்போவதாக அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். அவ கோபப்பட நான் ஒருத்தன் போதும்" என்றார்.

உன் தம்பி